போகி நெருப்பில் குளிர்காய்ந்த பூஞ்சை

முப்பத்தொரு வயதில் பணி ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். என்னை ஓய்வுக்கு அனுப்பியது தும்மல். கல்லூரி முடித்த கையோடு இந்தக் கம்பெனியில் சேர்ந்து, அன்றிலிருந்து பூஞ்சை வித்துகளை மூக்கு வழியாக இழுத்துக்கொண்டே இருந்தேன். போன மழைக்காலத்தில் மூக்கு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன்.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“பூஞ்சை வளர்க்கிறேன் சார்.”

“எங்க?”

“மணலி புதுநகர்ல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ரெண்டுல எதையாவது ஒண்ணை விடுங்க தம்பி” என்றார்.

பூஞ்சையை விட்டேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து எனக்கு முன்பக்க அறையில் பில் போடும் வேலை. வளர்ப்பு அறை இனி உங்களுடையது. பூஞ்சைக்குத் தீனியாகும் அரிசி நொய்யை எவ்வளவு நேரம் வேகவைப்பது, பைக்குள் வித்தை எப்படி விடுவது, கையை எதால் கழுவுவது என்பதெல்லாம் அச்சடித்து ஒட்டியிருக்கிறது. படித்தால் வந்துவிடும். அப்படி ஒட்டிவைக்க முடியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களில் சிலருக்கு இது முதல் வேலை. வீட்டில் கேட்பார்கள், தயாராக இருங்கள். மா, கொய்யா, திராட்சை எல்லாவற்றிலும் பூஞ்சை நோய் வரும். நாம் அந்தப் பூஞ்சையைத் தின்னும் வேறொரு பூஞ்சையை வளர்த்து விற்கிறோம். முள்ளை முள்ளால் எடுப்பது மாதிரி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் அம்மாவை உட்கார வைத்து இதை ஒழுங்காக விளக்கினேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, “ஏண்டா, இதுக்கா உன்ன காலேஜிக்கு அனுப்பிச்சேன்? மழ பேஞ்சா நம்ம வூட்டு செவுத்துல தானா வளருது. அத்த வழிச்சு எடுத்துகினு போய், எவ்ளோ குடுப்பானுங்கன்னு கேளு” என்றாள்.

நான் உண்மையிலேயே வழித்துக்கொண்டு போனேன். தட்டில் வளர்த்துப் பார்த்தேன். எதற்கும் உதவாத கறுப்புப் பூஞ்சை. வீட்டுக்கு வந்து அதையும் அம்மாவிடம் சொன்னேன். “அப்ப உன் கம்பெனில வளக்குறது மட்டும் ஒசத்தி சாதியா?” என்றாள். அன்றிலிருந்து வீட்டில் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வளர்ப்பு அறையின் கடைசி அலமாரிக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைத் திட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முன்பு பச்சை பெயின்டில் பெரிய எழுத்து இருந்தது: ‘பச்சை நம்ம ஆளு. மத்ததெல்லாம் எதிராளி.’ நான் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதி வைத்தது. அப்போது நாம் வளர்த்தது ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சை ஒன்றுதான். அது நன்றாக வளர்ந்தால் நொய் முழுவதும் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். கறுப்போ, பழுப்போ, ரோஸோ தெரிந்தால் வேறு ஏதோ புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டும். பைகளைப் பார்த்துப் பிரிக்கும் பொறுப்பு கஸ்தூரி அக்காவுக்கு. எர்ணாவூரிலிருந்து வருபவர். உங்களுக்கும் அவர்தான் இப்போது டீ வாங்கி வரச் சொல்லி விரட்டிக்கொண்டிருப்பார். அக்கா கண்ணுக்குத் தப்பிய கெட்ட பை கிடையாது. சுவரில் இருந்த அந்த இரண்டு வரியும் அவருக்கு வேதவாக்கு.

இந்தக் கதை நடந்த வருடம்தான் ஆம்பிலோமைசிஸ் வந்தது. சாம்பல் நோயைத் தின்கிற பூஞ்சை. பூவிலும் இலையிலும் திருநீறு பூசினாற்போல் வெள்ளையாகப் படியுமே, அந்த நோய். ஆள் கெட்டிக்காரன், ஆனால் பார்க்கச் சகிக்காது. சோம்பேறித்தனமாக வளர்ந்து, நொய்யை ஊசிப்போன பழைய சோறு மாதிரி பழுப்பாக்கி வைக்கும். வேன் டிரைவர் ஸ்டீபன் அதன் பெயரைச் சொல்லிப் பார்த்து, முடியாமல், ‘ஆம்பள’ என்று சுருக்கிவிட்டான். ராயபுரத்துப் பையன், மாதா கோயில் தேர் தூக்கிக்கொண்டே லத்தீன் புனிதர்கள் பெயரையெல்லாம் ஒப்பிக்கிறவன், அவன் வாயில் நுழையாத பெயர் ஊரில் எவன் வாயிலும் நுழையாது. நான் அந்தப் பைகளைக் கடைசி அலமாரியில் தனியாக அடுக்கினேன். அதே சுவரெழுத்துக்கு நேர் கீழே.

அவ்வளவும் ஒரே ஒருவருக்காக வளர்த்தது. அவர் பெயரை அன்வர் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டையில் வெங்காய மண்டிக் குடும்பம். மூன்று அண்ணன்களுக்கு அடுத்த கடைசித் தம்பி. வெங்காயம் வேண்டாம், தனியாகத் தொழில் செய்கிறேன் என்று கிளம்பி, ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பைப் பூவோடு குத்தகைக்கு எடுத்திருந்தார். அதாவது பூ இருக்கும்போதே பேசி முடித்துவிடுவது. பூ பிஞ்சானால் லாபம் அவருக்கு, கொட்டிப்போனால் நஷ்டமும் அவருக்கு.

முதல்முறை வந்தபோதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“தம்பி, போன வருசம் இதே சாம்பலு வந்துச்சு. கந்தகம் அட்ச்சேன். கூலிக்கு வந்தவனுங்க உச்சி வெயில்ல அட்ச்சிட்டு போயிட்டானுங்க. பூவு பூரா கருகி, மரம் பொரிச்ச கருவேப்பில மாதிரி நிக்குது. எங்க பெரியண்ணன் வந்து சுத்திப் பாத்துட்டு, ‘அன்வரு, வெங்காயம் வெயில்ல கருகாது. மண்டிக்கே வந்துடு’ன்னாரு. இந்த வருசமும் பூ கொட்டிச்சுன்னா நாப்பது வயசுல அண்ணன் முன்னாடி கைய கட்டிகினு நிக்கணும். கந்தகம் மட்டும் வேணாம். ஈ வேற ஓடிப்போயிடுது.”

“ஈயா?”

“இன்னாப்பா படிச்ச? மாம்பூவுக்கு ஈதான் மாப்பிள்ளத் தோழன். அது வந்து குந்தினாத்தான் கல்யாணம்.”

உண்மைதான். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு. பாய் அதற்காகக் காசிமேட்டிலிருந்து மீன் தலைகளை வாங்கிப் போய்க் கிளைக்குக் கிளை கட்டித் தொங்கவிட்டிருந்தார். தோப்பின் சொந்தக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, இது தோப்பா மீன் மார்க்கெட்டா என்று சண்டை போட்டிருக்கிறார்.

போகிக்கு முந்தின நாள், நோய் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க நான் தோப்புக்குப் போனேன். ஏரிக்கரைப் பக்கம் பனி இறங்கி நின்றது. பூங்கொத்துகளில் வெள்ளை தொடங்கிவிட்டது. “பாய், நாளைக்குக் காலையில வந்து சரக்கை எடுத்துக்கங்க, சாயங்காலமே அடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதே நாள் மத்தியானம் நம் மேனேஜர் பொங்கலுக்கு ராத்திரி ரயிலில் திருநெல்வேலி போகக் கிளம்பினார். கிளம்பும்போது கஸ்தூரி அக்காவிடம், “அக்கா, நாளைக்குப் போகி. பழசு, கெட்டது ஒண்ணு இருக்கக் கூடாது. ரூமைச் சுத்தமா வெச்சிடுங்க” என்று சொல்லியிருக்கிறார்.

விடியற்காலை நான் வந்து கதவைத் திறந்தேன். அறை அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. தரையில் மாக்கோலம். பை வேகவைக்கும் பெரிய கொதிகலனுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. கடைசி அலமாரி கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஒரு பை இல்லை.

அக்காவுக்கு ஃபோன் செய்தேன். பின்னால் பிள்ளைகள் மேளம் தட்டும் சத்தம்.

“அக்கா, கடைசி அலமாரிப் பையெல்லாம் எங்க?”

“அந்த ஊசிப்போனதா கண்ணு? நீ கவலப்படாத. ஒண்ணு வுடாம தூக்கிட்டேன். தோளு இன்னும் வலிச்சுகினு கீது.”

“அக்கா, அது ஊசிப்போகல. அதுதான் ஆம்பிலோமைசிஸ்.”

“அதுவா ஆம்பள? அவ்ளோ கலீஜாவா கீறான்?”

“ஆமாக்கா. அவனும் நம்ம ஆளுதான்.”

“செவுத்துல பச்சன்னுதான போட்டுக்கீது?”

சுவரை நிமிர்ந்து பார்த்தேன். அப்படித்தான் போட்டிருந்தது.

“எங்க போட்டீங்க?”

“புள்ளைங்க போகிக்கு எரிக்கப் பழசு கேட்டுகினு வந்துச்சுங்க. குடுத்துட்டேன். கெட்ட பைய வேகவெச்சுட்டுத்தான் வெளில போடணும்னு தெரியும். பாய்லருக்கு அப்பத்தான் பொட்டு வெச்சேன், மனசு வரல. இன்னாபா, அழுவுறியா?”

“இல்லக்கா. புகை.”

புகை உண்மையாகவே இருந்தது. போகியன்று மணலியில் பனியும் டயர் புகையும் சேர்ந்துவிட்டால் எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று ஹாரனை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டீபன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு வேனை ஓட்டினான்.

“மாமு, இன்னிக்கு ஊரே எரியுது. எங்கன்னு போய்த் தேடுவ?”

அப்போதுதான் மூளை கொஞ்சம் வேலை செய்தது. பைக்குள் இருப்பது ஈர நொய். அதைப் போட்ட நெருப்பு ஒழுங்காக எரியாது. “தீ கம்மியா, புகை ஜாஸ்தியா எங்க தெரியுதோ அங்க போடா” என்றேன். மூன்று தெரு தள்ளி, ஒரு முட்டுச்சந்தில் அப்படி ஒரு நெருப்பு இருந்தது. பையன்கள் அதைச் சுற்றி நின்று ஊதி ஊதிக் கண் சிவந்துபோயிருந்தார்கள்.

“தம்பிங்களா, இங்க நொய் அடைச்ச பிளாஸ்டிக் பை...”

“அத்த ஏண்ணா கேக்குற! எவனோ ஒரு பேமானி போகிக்கு எரிக்கச் சொல்லி ஈரச் சோத்த குடுத்துக்கிறான். டயரே அணைஞ்சிப்போச்சு.”

ஸ்டீபன் வண்டியிலிருந்து இறங்கி, “அந்தப் பேமானிங்க நாங்கதான்” என்றான்.

நிலவரம் இதுதான். சில பைகளை நெருப்புக்குள்ளேயே போட்டிருந்தார்கள். அவை உருகிக் கட்டியாகிவிட்டன. எரியாது என்று தெரிந்ததும் நிறைய பைகளைத் தீயின் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். மிச்சத்தைக் கொஞ்சம் தள்ளி வட்டமாகப் போட்டு, குளிர்காய வந்த பெரியவர்கள் மேலே உட்கார்ந்திருந்தார்கள். தலையில் மப்ளர் கட்டிய ஒரு தாத்தா, ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசி வேலை பார்த்து முடித்தவராம், நடுநாயகமாக இருந்தார்.

“தாத்தா, கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?”

“மெத்து மெத்துன்னு கீது நைனா. எழுந்துக்க மாட்டேன்.”

“தாத்தா, அதுக்குள்ள உயிர் இருக்கு.”

“எனக்குந்தான் கீது. அது போறவரிக்கும் குந்திக்கறேன்.”

கெஞ்சினேன். தோப்பு, பாய், அண்ணன், வெங்காயம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அசையவில்லை. கடைசியில் ஸ்டீபன் தன் டிரைவர் சீட்டின் மெத்தையைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். தாத்தா அதை அமுக்கிப் பார்த்துவிட்டு இடம் மாறினார். அன்று முழுவதும் ஸ்டீபன் வெறும் கம்பி மேல் உட்கார்ந்து வண்டி ஓட்டினான்.

இப்போது நன்றாகக் கவனியுங்கள், இங்கேதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நெருப்பில் கிடந்தவை முடிந்த கதை. தீயோரம் கிடந்தவைதான் எண்ணிக்கையில் அதிகம். பை இளகவில்லை, நிறம் மாறவில்லை, தொட்டால் லேசாக வெதுவெதுப்பு. பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தன. ஆட்கள் உட்கார்ந்த பைகளோ நசுங்கிச் சப்பையாகிக் கேவலமாக இருந்தன. பூஞ்சை உயிரோடு இருக்கிறதா என்று முளைக்கவைத்துப் பார்க்க மறுநாள் வரை ஆகும். பாய் இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்.

மேனேஜருக்கு ஃபோன் செய்தேன். ரயிலில் இருந்தார்.

“ஓரத்துல கிடந்ததெல்லாம் பார்க்க நல்லா இருக்குன்னு நீயே சொல்றே. துடைச்சு அனுப்பிடு.”

“உள்ள செத்திருந்தா சார்?”

“யாருக்குப்பா தெரியும்?”

“பூவுக்குத் தெரியுமே சார்.”

“பூ எனக்கு ஃபோன் பண்ணாது. சரக்கு இல்லைன்னா பாய் பண்ணுவாரு. புரிஞ்சுதா? குந்தின கதை, எரிச்ச கதை எதையும் அவர்கிட்ட சொல்லிவைக்காதே.”

சிக்னல் போய்விட்டது. சிக்னல் போவதை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி வரவேற்றதில்லை.

நின்று யோசித்தேன். தீயோரப் பை எவ்வளவு சூடு வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. பிளாஸ்டிக் தாங்கும் சூட்டைப் பூஞ்சை தாங்காது. ஆனால் உட்கார்ந்த பைகளுக்குச் சாட்சி இருக்கிறது. தாத்தா அந்த இடத்தில் ராஜா மாதிரி சுகமாக இருந்தார். மனிதன் சுகமாக உட்கார்ந்திருக்கும் சூட்டில் பூஞ்சை சாகாது. அதனால் யாராவது உட்கார்ந்திருந்த பைகளை மட்டும் வண்டியில் ஏற்றச் சொன்னேன். தீயோரப் பைகளைக் கொதிகலனுக்கு அனுப்ப ஒதுக்கினேன். அவற்றில் ஒன்றிலிருந்தும், ஆள் உட்கார்ந்த பை ஒன்றிலிருந்தும் பிறகு சோதிக்க ஒவ்வொரு பிடி எடுத்து வைத்தேன்.

நாங்கள் கம்பெனிக்குத் திரும்பியதும் பாய் வந்து நின்றார். வண்டியைப் பார்த்தார். “இவ்ளோதானா?”

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். பாய் ஒரு சப்பைப் பையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, “எத்தினி பேரு குந்துனாங்க?” என்று கேட்டார்.

“ஏழெட்டுப் பேர் பாய்.”

“பெரிய ஆளுங்களா?”

“எல்லாரும் வயசானவங்க. எடை கம்மிதான்.”

“யா அல்லா” என்று அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். “எங்கண்ணன் காதுல மட்டும் இது வுழக் கூடாது. மருந்துமேல எவனோ குந்திட்டான்னு தெரிஞ்சா மண்டில பேரே வெச்சுடுவானுங்க.”

“பாய், இது பாதித் தோப்புக்குத்தான் வரும். ஏரிக்கரைப் பக்கம் நோய் இருக்கு, அங்க இதை அடிப்போம். இது நோயைத் தின்னுதான் வளரும், நோய் இருக்கிற இடத்துலதான் இதுக்குச் சாப்பாடு. மேட்டுப் பக்கத்துக்கு...” கொஞ்சம் தயங்கினேன். “கந்தகம் அடிக்கணும்.”

பாய் எழுந்துவிட்டார். “அந்தப் பேர எடுக்காத!”

“கந்தகம் தப்பு பண்ணல பாய். உச்சி வெயில்தான் தப்பு. சாயங்காலம் நானே கூட நின்னு அடிக்க வெக்கறேன்.”

“ஏம்ப்பா, நீ உங்க சரக்க விக்கறவனா, கந்தகக் கடைக்காரனா?”

“இன்னிக்கு ரெண்டும் பாய்.”

தம்பிகளே, தங்கைகளே, நம் சரக்கின் மேல் பாசம் வைக்கலாம், பக்தி வைக்கக் கூடாது. உயிரோடு இருக்கிறதா என்று தெரியாத உயிர்மருந்தைவிட, ஒழுங்காக அடித்த கந்தகம் மேல். விற்கிறவன் வாயால் இதைச் சொல்வது லேசில்லை. சொன்ன பிறகுதான் பாய் என்னை நம்ப ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன்.

தோப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுத்த சண்டை.

“பாய், ரெண்டு மரத்துக்கு எதுவுமே அடிக்கக் கூடாது.”

“ஏன்?”

“நோய் போச்சுன்னா மருந்தால போச்சா, பனி விலகிப் போச்சான்னு எப்படித் தெரியும்? சும்மா விட்ட மரத்தைப் பாத்தாத்தான் தெரியும்.”

“ரெண்டு மரத்த குர்பானி குடுக்கச் சொல்ற.”

“அப்படியே வெச்சுக்கங்க.”

“பக்ரீத்துக்கு இன்னும் நாளு கீதுப்பா. ஒண்ணு போதும்.”

“ரெண்டு பாய். மேட்டுல ஒண்ணு, ஏரிப்பக்கம் ஒண்ணு.”

மண்டிக்காரரிடம் பேரம் பேசுவது சாமானியமில்லை. ஒன்றரை மரம் என்று வந்து நின்றார். அரை மரத்துக்கு எப்படி அடிப்பது என்று கேட்டதும் இரண்டுக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் மரத்தை அவர்தான் தேர்ந்தெடுப்பாராம். நேராகப் போய் ஒரு பட்டுப்போன கிழட்டு மரத்தைக் காட்டினார். “இத்த வெச்சுக்க. பத்து வருசமா காய்க்கல.”

“பூ நிறைஞ்ச மரம் வேணும் பாய்.”

கடைசியில் மேட்டில் ஒரு மரத்தையும், ஏரிப்பக்கத்தில் பூத்துக் குலுங்கிய ஒரு பங்கனப்பள்ளியையும் தேர்ந்தெடுத்தோம். பாய் பங்கனப்பள்ளியின் அடிமரத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

வெயில் இறங்கியதும் அடித்தோம். மேட்டுப்பக்கம் கந்தகம் சீக்கிரமே வேலையைக் காட்டியது. இலை கருகவில்லை, பூ பொசுங்கவில்லை. ஏரிப்பக்கம் இரண்டு வாரமாகியும் ஒன்றுமே நடக்கவில்லை. பாய் தினமும் ஃபோன் செய்தார். “தம்பி, ஆம்பள இன்னும் தூங்கறானா?” பெரியண்ணன் வரும் ஞாயிற்றுக்கிழமை தோப்பைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மண்டியில் பாய்க்கு ஒரு நாற்காலிகூடப் போட்டுவிட்டார்களாம்.

அதற்கிடையில் நான் எடுத்து வைத்திருந்த தீயோரப் பையின் வித்து என்னவாயிற்று என்று பார்த்தேன். தட்டு காலி. ஒன்றுகூட முளைக்கவில்லை. அத்தனை அழகாக இருந்த பை. ஆள் உட்கார்ந்த பையிலிருந்து எடுத்தது நன்றாக முளைத்திருந்தது. கஸ்தூரி அக்காவைக் கூப்பிட்டு இரண்டு தட்டையும் காட்டினேன். அக்கா மத்தியானம் சுண்ணாம்பு வாளியோடு வந்து சுவரெழுத்தை அழித்தார். நீங்கள் பார்க்கும் வெள்ளைத் திட்டு அதுதான். அங்கே புதிதாக எதையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை பாய் அலறினார். “தம்பி, சீக்கிரம் வா! பூவுல அழுக்கு புடிச்சுகிச்சு. வெள்ளையா இருந்தது பழுப்பா ஆயிடுச்சு. எல்லாம் போச்சு. நாளைக்கு அண்ணன் வர்றாரு.”

ஸ்டீபனோடு கிளம்பினேன். கஸ்தூரி அக்காவும் வண்டியில் ஏறிக்கொண்டார், கேட்கவே இல்லை. தோப்பில் பாய் ஒரு பூங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி நின்றார். நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். சாம்பலின் வெள்ளை நூல்களுக்கு உள்ளேயே, கடுகைவிடச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள். வரிசை வரிசையாக.

“பாய்.”

“சொல்லு. தாங்கிக்கறேன்.”

“அழுக்கு இல்ல பாய். நோயோட வயித்துக்குள்ள பூந்து நம்ம ஆளு குட்டி போட்டிருக்கான்.”

அக்கா லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தார். “அடப்பாவி, அதே மூஞ்சி! இவனத்தான தூக்கிப் போட்டேன்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பெரியண்ணன் வந்தார். பாய் அவரை நேராகக் கூட்டிப் போனது எதுவும் அடிக்காமல் விட்ட பங்கனப்பள்ளி மரத்துக்கு. அதில் பூ முழுவதும் சாம்பலாகி, உலுக்காமலே கொட்டியது. “இத்த நல்லா பாத்துக்கண்ணே. இது மருந்தில்லாதது. இப்ப பக்கத்து மரத்த பாரு.” என்னோடு அவ்வளவு சண்டை போட்ட மரத்தை, தான்தான் திட்டம் போட்டு விட்டதாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. பக்கத்து மரத்தில் கொத்துக்கு நாலைந்து பிஞ்சு பிடித்திருந்தது. பெரியண்ணன் ஒரு பிஞ்சை விரலால் சுண்டிப் பார்த்தார்.

“இன்னும் சாம்பார் வெங்காய சைஸ்தானடா கீது” என்றார். தலைக்கு மேலே ஒரு மீன் தலை ஆடிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். நேராகப் போய்க் கார் ஏறினார். மண்டியில் போட்ட நாற்காலியை அந்த வாரமே எடுத்துவிட்டார்களாம்.

அடுத்த மார்கழியில் பாய் மறுபடி ஃபோன் செய்தார்.

“தம்பி, இந்த வருசம் முழுத் தோப்புக்கும் ஆம்பளதான். ஆனா போன தடவ மாதிரியே பண்ணிக் குடுக்கணும்.”

“எது மாதிரி பாய்?”

“அதாம்ப்பா. நெருப்பாண்ட வெச்சு, மேல ஆளு குந்தி.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சூடு வித்தைக் கொல்லும் என்பதிலிருந்து தொடங்கி, அன்று பிழைத்தது நெருப்பால் அல்ல, நெருப்பிலிருந்து தள்ளி இருந்ததால்தான் என்பது வரை பொறுமையாக விளக்கினேன். பாய் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“சரி தம்பி. நீ படிச்சவன், சொன்னா கரெக்டாத்தான் இருக்கும். நெருப்பு வேணாம். குந்தறது மட்டும் குந்திடுங்க.”

இவருக்கு வாயால் சொன்னால் ஆகாது, செய்துதான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். சில பைகளின் மேல் ஸ்டீபனை உட்கார வைத்தேன், சிலவற்றைச் சும்மா விட்டேன். இரண்டிலிருந்தும் வித்தெடுத்து முளைக்க வைத்தேன். கொஞ்சமும் வித்தியாசம் இல்லை. சந்தோஷமாகப் பாய்க்கு ஃபோன் போட்டேன்.

“பாய், சோதனை பண்ணிட்டேன். உக்காந்ததும் உக்காராததும் ஒரே மாதிரிதான் முளைக்குது.”

“அப்ப குந்தினா கெடுதல் ஒண்ணும் இல்ல?”

“இல்ல பாய்.”

“அப்ப குந்தறதுக்கு இன்னா?”

ஃபோனை வைத்தேன். பிறகு உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். கஸ்தூரி அக்கா பைகளின் மேல் சுத்தமான துணி ஒன்றை விரித்தார்.